வாய்ப் புற்றுநோயும் தச்சுப் பட்டறையும்: சிகிச்சைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டியவை

பயாப்சி முடிவு கைக்கு வந்ததும் தச்சு வேலை செய்பவர் கேட்கும் முதல் கேள்வி, "மறுபடி எப்போ பட்டறைக்குப் போகலாம்?" என்பதுதான். நியாயமான கேள்வி. மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. ஆசாரிக்குக் கை நின்றால் அன்றே வரும்படியும் நிற்கும். ஆனால் இதைக் கேட்பதற்கு முன்னால் அவர் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. தன் தொழில் என்ன, எந்தக் கையில் உளி பிடிக்கிறார், நின்று வேலை செய்கிறாரா, தரையில் உட்கார்ந்து காலால் மரத்தைப் பிடித்துக்கொள்கிறாரா என்பதுதான் அது. கேஸ் ஷீட்டில் பல நேரம் "கூலி வேலை" என்ற இரண்டு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அறுவை சிகிச்சையில் எந்த இடத்துச் சதையை எடுப்பது, எந்தக் கையில் ஊசி ஏற்றுவது, எந்தப் பக்கவிளைவை முதலில் கவனிப்பது எல்லாமே அந்த இரண்டு சொல்லைத் தாண்டிய தகவலைப் பொறுத்தவை.

இங்கே எழுதுவது கன்னம், நாக்கு, ஈறு ஆகிய இடங்களில் வரும் புற்றுநோயைப் பற்றி. கை ஓயாமல் வேலை செய்ய, புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. புகையிலை எந்தப் பக்கம் தங்குகிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் புண் தொடங்குகிறது. மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ படிந்த திட்டு, வாய் திறப்பு குறைந்துகொண்டே வருவது, இவற்றில் எது இருந்தாலும் களிம்பு தடவிக் காத்திருக்கக் கூடாது.

பயாப்சி எடுத்த இடத்தில் அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எடுத்த திசுவை வைத்திருக்கும் ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்குங்கள். சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் என்று எங்கே போனாலும் பழைய திசுவை அவர்களே மறுபடி பார்க்க விரும்பலாம். பிளாக் கையில் இல்லாவிட்டால் மறுபடி சதை எடுக்க வேண்டிவரும், அதில் நாள் போகும்.

அறுவைக்கு முன்னால்

வாய்ப் புற்றுக்கு வழக்கமான முறை, முதலில் அறுவை, தேவைப்பட்டால் அதன் பிறகு கதிர்வீச்சு. வெட்டிய ஓரத்தில் நோய் மிச்சமிருந்தாலோ, கழுத்து நெறிக்கட்டியின் உறையைத் தாண்டி நோய் வெளியே வந்திருந்தாலோ கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் சேரும். கதிர்வீச்சு, அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். "கையில் இருக்கிற ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு வருகிறேன்" என்று தள்ளிப்போட இதில் இடமே இல்லை.

கட்டியை எடுத்த பள்ளத்தை மூட உடம்பின் வேறொரு இடத்திலிருந்து சதை எடுத்து வைப்பார்கள். தச்சருக்கு இது மிக முக்கியமான பேச்சு. மார்புத் தசையை எடுத்தால் அந்தப் பக்கத்துக் கையால் தள்ளும் விசை குறையும். இழைப்புளி தள்ளும்போதும், பிளைவுட் ஷீட்டை நிமிர்த்தும்போதும் அது தெரியும். முன்கைத் தோலும் ரத்தக்குழாயும் எடுப்பதாக இருந்தால் வழக்கமாக வேலை செய்யாத கையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். ஆனால் இடது கைக்காரர் வாய் திறந்து சொல்லாவிட்டால் அது அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். தாடை எலும்பு போய்விட்டால் கணுக்காலுக்கு மேலே உள்ள மெல்லிய எலும்பை எடுத்துத் தாடை கட்டுவார்கள். அந்தக் காலில் பெருவிரலை மடக்கும் பலம் குறையலாம். தரையில் உட்கார்ந்து கால்விரலால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு துளை போடுபவருக்கு இது அன்றாட வேலையையே தொடும் மாற்றம். எந்த இடத்துச் சதை பொருந்தும் என்று முடிவெடுப்பது அறுவை மருத்துவர்தான். எந்தக் காலால் மரத்தைப் பிடிக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்வது உங்கள் பங்கு.

அடுத்தது தோள். கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும்போது தோளை உயர்த்தும் நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது. நரம்பை வெட்டாமல் காப்பாற்றினாலும், விலக்கி இழுத்ததில் அது சில மாதங்கள் சோர்ந்துபோகும். தோள் தாழ்ந்து முன்னால் சாயும், கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க வராது. "வயசாச்சு, தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு" என்று விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு அதைத் தளர்த்துவது பெரும்பாடு. அறுவைப் புண்ணில் நீர் வடிய வைத்த குழாயை எடுத்ததும், மருத்துவர் சரி என்ற நாளிலிருந்து பிசியோதெரபி தொடங்க வேண்டும். சுவரில் விரல்களை நடத்தி மேலே ஏற்றுவது, ஒரு கம்பை இரு கையாலும் பிடித்து நல்ல கையின் உதவியால் மற்றதைத் தூக்குவது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்துப் பிடிப்பது ஆகியவைதான் அடிப்படைப் பயிற்சிகள். கனமான பொருளைத் தொங்கவிட்டபடி நடப்பது தோளைக் கீழே இழுக்கும் என்பதால் டூல் பையை அந்தப் பக்கம் மாட்டக் கூடாது.

கதிர்வீச்சு வரப்போகிறது என்று தெரிந்தால் கெட்ட பற்களை முன்பே எடுத்துவிட வேண்டும். பல் எடுத்த புண் ஆற இரண்டு வாரமாவது வேண்டும். முடிந்தால் அறுவை நடக்கும்போதே எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள், ஒரு காத்திருப்பு மிச்சம்.

கதிர்வீச்சும் கீமோவும் நடக்கும் வாரங்கள்

அறுவைக்குப் பிந்தைய கதிர்வீச்சு பொதுவாக 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதை 30 முதல் 33 தவணைகளாகப் பிரித்து, திங்கள் முதல் வெள்ளிவரை தினமும் ஒன்று என்று ஆறு, ஆறரை வாரம் கொடுப்பார்கள். சிஸ்பிளாட்டின் வாரம் ஒருமுறையோ மூன்று வாரத்துக்கு ஒருமுறையோ வரும். முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "இவ்வளவுதானா" என்று காலையில் கதிர்வீச்சு, மதியம் சைட் என்று ஓடுவார்கள். மூன்றாவது வாரத்தில் வாய் வெந்து, எச்சில் கெட்டியாகி, விழுங்க முடியாமல் போகும். கதிர்வீச்சு முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதனால் மூன்றாம் வாரத் தொடக்கத்திலிருந்து, கதிர்வீச்சு முடிந்து ஆறு வாரம் வரை எந்த வேலைக்கும் தேதி சொல்லாதீர்கள். வாய் வெந்துவிட்டது என்று நடுவில் நான்கு நாள் கதிர்வீச்சை நிறுத்துவது மிகப் பெரிய இழப்பு. மொத்த நாட்கள் நீள நீள மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் பெருகிக்கொள்ளும். வலியைக் குறைக்க மருந்து இருக்கிறது, விட்ட நாளை ஈடுகட்டுவதுதான் கடினம்.

கீமோ நாளில் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒரு பொய்த்தெம்பைத் தரும். ஊசி போட்ட அன்றும் மறுநாளும் தூக்கம் வராது, உடம்பு பரபரக்கும், எதையாவது தூக்கிப் போடலாம் போல இருக்கும். மருந்து நின்றதும் உடம்பு அப்படியே இறங்கிவிடும். அந்தத் தெம்பை நம்பி ஏணி ஏறக் கூடாது. வாந்தியைத் தடுக்க இரவில் கொடுக்கும் ஓலான்ஸபின் மாத்திரை மறுநாள் காலைவரை மந்தமாக வைத்திருக்கும். வலிக்கு மார்ஃபின் தொடங்கியிருந்தாலும் அப்படித்தான். இந்த மாத்திரைகள் ஓடும் நாட்களில் வட்ட ரம்பம், பிளேனர், ரூட்டர் எதையும் தொடக் கூடாது, பைக்கும் ஓட்டக் கூடாது. இதில் "கொஞ்சம்தானே" என்ற பேச்சே கிடையாது.

உடம்பு வலிக்குக் கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போடுவது நம் தொழிலில் டீ குடிப்பது போல ஆகிவிட்டது. சிஸ்பிளாட்டின் ஏற்கெனவே சிறுநீரகத்தைச் சோதிக்கும் மருந்து. அதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடலாம், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருந்தால் ரத்தக்கசிவும் வரலாம். நாட்டு மருந்து, லேகியம் ஏதாவது எடுத்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

ரத்த அணுக்கள் குறையும் நாள் மருந்துக்கு மருந்து மாறும். டாசிடாக்ஸல், பாக்லிடாக்ஸல் போன்றவற்றில் ஊசி போட்ட ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளணு அடிமட்டத்துக்கு வரும். சிஸ்பிளாட்டினில் அது மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிப்போகலாம். "எனக்கு எந்த நாளில் கவுண்ட் குறையும்?" என்று உங்கள் மருந்தைச் சொல்லியே கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த நாட்களில் பட்டறைக்குள் போகாமல் இருப்பதே நல்லது. உளி கீறிய சின்னக் காயம்கூடச் சீழ் பிடிக்கும். அதைவிட ஆபத்து தூசியில் இருக்கிறது. பழைய வீடு இடித்த மரம், நனைந்து பூஞ்சை பிடித்த பலகை, மூலையில் குவிந்து கிடக்கும் ஈரச் சீவல் ஆகியவற்றிலிருந்து எழும் பூஞ்சைத்தூள் நுரையீரலில் இறங்கினால், வெள்ளணு இல்லாத உடம்பு அதை எதிர்க்க முடியாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் வேண்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் பாரசிட்டமால் போட்டுப் பார்ப்போம் என்று உட்காராமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். தட்டணு 50,000க்குக் கீழே இருந்தால் கூர்மையான கருவி எதையும் எடுக்க வேண்டாம்.

சிஸ்பிளாட்டினுக்கு இன்னும் இரண்டு குணம் உண்டு, இரண்டும் தச்சரின் முதலீட்டிலேயே கைவைப்பவை. ஒன்று காது. கீச்சென்ற உயர் ஒலிகள் முதலில் போகும், காதில் ரீங்காரம் வரும். பிளேடு மரத்தில் சிக்கும்போது மோட்டார் சத்தம் மாறுவதைக் கேட்டுத்தான் அனுபவசாலி கையை விலக்குகிறார். அந்த எச்சரிக்கை மங்கிவிடும். முதல் ஊசிக்கு முன்பே செவித்திறன் சோதனை செய்துவைத்தால், பிறகு எவ்வளவு குறைந்தது என்று ஒப்பிடலாம். சிகிச்சை நாட்களில் மெஷின் ஓடும் இடத்தில் நிற்க வேண்டியிருந்தால் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள், இரைச்சலும் மருந்தும் சேர்ந்தால் கேடு கூடும். இன்னொன்று விரல் மரத்துப்போவது. சட்டைப் பித்தான் போட முடியவில்லை, சின்னத் திருகாணியைப் பொறுக்க முடியவில்லை என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். மருந்தின் அளவையோ மருந்தையோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். மருந்து நின்ற பிறகும் சில மாதம் இந்த மரப்பு கூடிக்கொண்டே போகக்கூடும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பயம் பிடித்துக்கொள்ளும். விரல் நுனி சரியாக உணராதவரை ரம்பத்துக்கு அருகே வெறும் கையால் மரத்தைத் தள்ளாமல் தள்ளுகட்டை வைத்தே தள்ள வேண்டும்.

கழுத்துத் தோல் கறுத்து உரிந்து நீர் கசியும்போது மரத்தூள் ஒட்டினால் எரியும், புண்ணாகும். காலர் இல்லாத மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள். பிளேடு ஷேவிங், வெயில், பவுடர் மூன்றும் கூடாது. கதிர் படும் இடம் காதுவரை வந்தால், காதில் பென்சில் செருகும் பழக்கத்தையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். தின்னர், மெலமைன், பியு பாலிஷ் அடிக்கும் இடத்தில் நிற்கவே வேண்டாம், வெந்த வாய்க்கும் தொண்டைக்கும் அந்த நெடி தாங்காது.

வாயும் வயிறும்

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டுக் கலக்குங்கள். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளியுங்கள். அன்றாடம் புதிதாகக் கலக்க வேண்டும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வெந்த வாயைப் பதம் பார்த்துவிடும்.

உணவு ஊற்ற மூக்கு வழியே குழாய் போட்டால் அதைத் தோல்வியாக நினைப்பவர்கள் அதிகம். எடை குறைந்தால் முகத்தில் மாட்டும் கதிர்வீச்சு முகமூடி தளர்ந்து, குறி பிசகும் என்று மறுபடி வார்க்க வேண்டியதாகும், சிகிச்சையும் தடைபடும். குழாய் அதைத் தடுக்கிறது. கேழ்வரகுக் கஞ்சி, பால், வேகவைத்த முட்டை, பருப்பு, நன்கு வெந்த காய் எதுவானாலும் மிக்சியில் அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டியே ஊற்ற வேண்டும். வடிகட்டாத கஞ்சிதான் குழாய் அடைப்பதற்கு முதல் காரணம். ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. தலையும் முதுகும் உயர்ந்திருக்க வேண்டும், ஊற்றிய பிறகும் அரைமணி நேரம் படுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் கடைசியில் 30 முதல் 50 மில்லி வெதுவெதுப்பான நீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். வாரம் ஒருமுறை ஒரே எடைமிஷினில் எடை பார்த்து எழுதிவையுங்கள்.

வாய் திறப்பு பற்றி மருத்துவமனையில் ஒருமுறை சொல்வார்கள், நோயாளி மறந்துவிடுவார். மேல்பல் கீழ்பல் இடைவெளி 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சாப்பாடு, பல் துலக்கல், பின்னாளில் பரிசோதனை எல்லாமே சிரமம். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி வாயில் வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டுவதுதான் எளிய பயிற்சி. தினமும் நாலைந்து முறை, அறுவை செய்தவர் அனுமதித்த நாளிலிருந்து. அளவு பார்ப்பது தச்சருக்குக் கைவந்த கலை, வாரம் ஒருமுறை ஸ்கேலால் அளந்து எடைக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளலாம். இந்த ஒரு பயிற்சியை மட்டும் வலித்தாலும் விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கலாம், அவ்வளவு முக்கியம்.

பாதியில் நிற்கும் வேலையும் பணமும்

அட்வான்ஸ் வாங்கிய வேலைகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். யாருடைய வேலை, எவ்வளவு வாங்கியது, எவ்வளவு முடிந்தது, மரமும் ஹார்டுவேரும் யாருடைய பணத்தில் வாங்கியது. இந்த நான்கும் இல்லாத நோட்டால் பின்னால் வாய்த்தகராறுதான் வரும். பிறகு வீட்டுக்காரரிடம் நேரில் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். நோயை மறைத்துவிட்டு "மரம் வரல, கரண்ட் இல்ல" என்று இழுத்தடித்தால் இரண்டு மாதத்தில் பெயர் கெடும். உண்மையைச் சொல்லி, "இன்னார் முடித்துத் தருவார், அளவு நான் கொடுக்கிறேன்" என்றால் பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள். வேலையை ஏற்கும் ஆசாரியிடம் மீதி எத்தனை சதுர அடி, என்ன கூலி என்பதை மூவரும் இருக்கும்போதே பேசி முடியுங்கள். அளவுகளைச் சுவரிலும் பிளைவுட் துண்டிலும் கிறுக்கி வைத்திருப்போம், அதையெல்லாம் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

இழைத்து மாட்டாமல் நிற்கும் கதவுகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் நீங்கள் திரும்பி வருவதற்குள் முறுக்கிக்கொள்ளும். சமதரையில் இடைக்கட்டைகள் வைத்துப் படுக்கையாக அடுக்கி, மேலே பாரம் ஏற்றுங்கள். மெஷின் பிளேடுகளைக் கழற்றி எண்ணெய் தடவிச் சுற்றி வையுங்கள். இரவல் கொடுக்கும் கருவியை எழுதிக்கொண்டே கொடுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். அட்டை இல்லாதவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும், அதாவது அறுவைக்கு, கதிர்வீச்சுக்கு, கீமோவுக்குத் தனித்தனியாக முன் அனுமதி கேட்பார்கள். அதற்கு மூல அறிக்கைகள் தேவைப்படும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, போனிலும் படமெடுத்து வையுங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவில் தச்சர்களும் சேர்வார்கள். பதிவு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்காமல் விட்டால் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைகூட நின்றுபோகும். நோயால் வேலை செய்ய முடியாதவருக்கு முடக்க ஓய்வூதியம் கேட்கும் வழியும் அங்கே உண்டு, தொழிலாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். வெளியூர் சிகிச்சைக்கு ரயிலில் போனால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம். மருத்துவர் கையெழுத்திட்ட சலுகைப் படிவம் வேண்டும். கந்துவட்டி பக்கம் மட்டும் போகாதீர்கள். ஆறு மாதம் வரும்படி இல்லாத வீட்டை அந்த வட்டி முழுங்கிவிடும். நகை இருந்தால் வங்கியில் வையுங்கள், மெஷின் கடன் இருந்தால் தவணை தவறுவதற்கு முன்பே வங்கியில் பேசுங்கள்.

மறுபடி பட்டறைக்கு

முதலில் அளவெடுப்பது, வரைவது, எஸ்டிமேட் போடுவது, ஆள் வைத்து மேற்பார்ப்பது. அடுத்து மேசை மட்டத்தில் செய்யும் சின்ன வேலைகள். 18 மில்லி 8க்கு 4 பிளைவுட் ஷீட் 30 கிலோவுக்கு மேல் இருக்கும், அதைத் தனியாகத் தூக்கும் காலம் கடைசியில்தான். லாஃப்ட் கதவு, ஃபால்ஸ் சீலிங், திரைச்சீலைக் கம்பி போன்ற தலைக்கு மேலான வேலைகளைத் தோள் பயிற்சி முழுதாகப் பலன் தரும்வரை வேறு ஆளிடம் விடுங்கள். மரத்தூளையும், பிளைவுட்டிலும் எம்டிஎஃப்பிலும் இருந்து கசியும் ஃபார்மால்டிஹைடையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. மரத்தூள் குறிப்பாக மூக்கு, மூக்கை ஒட்டிய அறைகளின் புற்றோடு தொடர்புடையது. மெஷினோடு தூசி உறிஞ்சி, முகத்தில் துணிக்கு பதில் என்95, துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, இந்த மூன்றையும் பட்டறையில் எல்லோருக்கும் ஏற்பாடு செய்யுங்கள். புகையிலையை உள்ளே அனுமதிக்காதீர்கள். வேலையாட்கள் முகம் சுளித்தாலும் சரி.

முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும், பிறகு இடைவெளி கூடும். இரண்டு விஷயம் மறந்துபோகும். கழுத்தில் கதிர் பட்டவருக்குத் தைராய்டு சுரப்பு மெல்லக் குறையலாம். சோர்வு, குளிர் தாங்காமை, முகம் ஊதுதல் என்று வரும், சிகிச்சையின் பலவீனம் என்று விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தச் சோதனை பார்த்தால் தெரிந்துவிடும், மாத்திரையில் சரியாகும். அடுத்தது பல். கதிர் பட்ட தாடையில் எத்தனை ஆண்டு கழித்துப் பல் பிடுங்கினாலும் எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். பல் வலித்தால் முதலில் கதிர்வீச்சு கொடுத்த மருத்துவமனையில் கேட்டுவிட்டு, பல் மருத்துவரிடம் எந்தப் பக்கம் எத்தனை கிரே வாங்கியது என்ற சீட்டைக் காட்டிய பிறகே நாற்காலியில் உட்காருங்கள்.